வலி என்ற இடத்தில் மூட்டுவலி

786

லப்பைக்குடிக்காடு
12.8.2006

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் நூருல் அமீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹபீபாவின் கணவன் காதர் பாட்சா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் வலது முட்டியைத் தவிர எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் தாங்களும் மருமகன் அத்னானும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். மருமகன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். மச்சான் மகன் எப்படியும் எனக்கு மருமகன் முறைதான். இப்போதைக்கு அந்த அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை நீங்கள் கடையில் ஆட்களோடு இருந்தீர்கள். இரண்டாம் தடவை வெள்ளாற்றில் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று பேசி முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. மூன்றாம் தடவை துணிந்து விஷயத்தை ஆரம்பித்தேன், நீங்கள் "ம்" என்றீர்கள். அந்த ஒரு "ம்"மிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. எண்பத்திரண்டாம் வருஷம் விசா எடுத்துக்கொண்டு வந்து, "கெளம்பு காதர், நான் இருக்கேன்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள். உங்களிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கடிதத்தில் ஒரு வசதி, நீங்கள் எத்தனை தடவை "ம்" போட்டாலும் எனக்குக் கேட்காது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. ஷவ்வால் மாதம் அத்னானுக்கு நாற்பத்தைந்து நாள் லீவு, வந்து இறங்கிய ஒரு வாரத்தில் எங்கள் மகள் அஸ்ரினுக்கும் அவனுக்கும் நிக்காஹ்வை முடித்துவிடலாம், அவனுக்குக் குடும்ப விசா கிடைக்க நாலைந்து வருஷம் ஆகும், அதுவரை பிள்ளை இங்கே எங்களோடேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். ஹபீபா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அண்ணன் வீட்டில் பெண் கொடுப்பது அவளுக்குச் சின்ன விஷயமா? நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. அஸ்ரின் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் அல்லவா, அந்த வேலை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அத்தா, அத்னான் மச்சான் நல்லவங்க. எனக்கு சபராளி வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் பேனாவைத் திறந்துவிட்டாள்.

நமது ஊரில் இப்படி ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கடல் தாண்டிப் போனவனைத்தானே நாம் சபராளி என்று மரியாதையாகச் சொல்கிறோம்! திரும்பி வந்து வீட்டோடு இருக்கிறவனுக்கு இங்கே ஒரு பெயர்கூடக் கிடையாது, நானும் இந்த இரண்டு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாருக்காகம்மா இருவத்தி ரெண்டு வருஷம் அங்க கெடந்தேன்?" என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. சலவைக்குப் போட்ட துணியை எண்ணுகிற மாதிரி நிதானமாக எண்ணினாள். "எங்களுக்காகத்தான் அத்தா. அத நான் இல்லேன்னு சொல்லலையே. ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, மொத்தம் பத்து லீவு. லீவுக்கு ரெண்டு மாசம். எனக்கு இருவத்தோரு வயசு ஆவுற வரைக்கும் நீங்க இந்த வூட்ல இருந்தது இருவது மாசம். வூடு இருந்துச்சு, ஃபேன் இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. ஆளுதான் இல்ல" என்றாள்.

மச்சான், நான் விசா வாங்கிக் கிளம்பியபோது அவள் ஹபீபாவின் வயிற்றில் இருந்தாள். முதல் லீவில் வந்தபோது ஒன்றரை வயசு. நான் கேசட்டில் பேசி அனுப்பியதைத்தான் அதுவரை கேட்டிருக்கிறாள். அத்தா எங்கே என்று யாரோ கேட்டபோது, கூடத்தில் முழுசாக உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு டேப் ரெக்கார்டரைக் காட்டினாள். அன்றைக்கு நீங்கள் உள்பட எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தது. மாடிக்குப் போகலாம் என்று ஏறி, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலிக்கிறது என்று ஹபீபாவிடம் சொல்லிக்கொண்டேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். பத்தாவது பரீட்சை சமயத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு பாரம் கொடுத்தார்களாம். காப்பாளர் கையெழுத்து என்று ஒரு இடம். அம்மா போட்டது போதாது, ஆண் யாராவது போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் அங்கே, நீங்களும் அங்கே. கடைசியில் எதிர்வீட்டுக் கண்டக்டர் அங்கமுத்துதான் போட்டாராம். இது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. மறுநாள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை நிறுத்தி நன்றி சொன்னேன். "எதுக்கு பாய்?" என்றார். "அஸ்ரினோட பத்தாவது பாரத்துல கையெழுத்துப் போட்டீங்களாமே" என்றேன். "அடப் போங்க பாய், புள்ளைக்குக் கல்யாணம் பேசுற வயசுல வந்து இதச் சொல்றீங்க, பஸ்ஸு போயிடும்" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு உள்நாட்டு மாப்பிள்ளையாகத் தேடலாம் என்று இறங்கினேன். உங்களுக்குத் தெரியாமல் தேடியது தப்புதான், அதற்குக் கடைசியில் மொத்தமாக மன்னிப்புக் கேட்கிறேன். தரகர் ஆறு மாப்பிள்ளை கொண்டுவந்தார். ஆறு பேரும் வெளிநாட்டில், இங்கே பாஸ்போர்ட் அளவு போட்டோவில்தான் இருந்தார்கள். "நாட்டுல இருக்குற பையனா பாருங்க" என்றேன். "ஏன் பாய், பொண்ணுக்கு எதுவும் கொறையா?" என்று திருப்பிக் கேட்டார். அப்போது அஸ்ரின்தான் முஸ்லிம்களுக்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண வெப்சைட் இருக்கிறது, போட்டோ போட வேண்டியதில்லை, கண்ட கண்ட பேச்செல்லாம் அதில் பேச முடியாது, வீட்டுப் பெரியவர் மூலமாகத்தான் எல்லாம் என்று சொன்னாள். தானே பதிந்துகொள்கிறேன் என்றாள். நான் விடவில்லை. "ஒரு பொம்பளப் புள்ள தன்னப் பத்தித் தானே எழுதிப் போடுறதா? அதுக்கு நான் ஒருத்தன் இருக்கேன்ல" என்றேன். மச்சான், இருபத்திரண்டு வருஷமாக ஒரு பாரத்தைக்கூட நிரப்பாதவன், இந்த ஒரு பாரத்தையாவது என் கையால் நிரப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஆசைதான் காரணம்.

ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடியிலேயே கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. ஆனால் அங்கே போனால் நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், விஷயம் எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும். அதனால் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். மீதிப் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஆளுக்கு ஒரு சலாம் சொல்லி, கண் டாக்டரைப் பார்க்க வந்தேன் என்று எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொல்லி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நுழைந்தால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது அங்கமுத்து மகள் வெற்றிச்செல்வி. "வாங்க பாய் மாமா, கண்ணுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். எனக்கு முன்னால் கண் டாக்டரும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "யாருக்கும் சொல்ல மாட்டேன் மாமா, ஒக்காருங்க" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தேன். வழி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் முட்டி தீயாக எரிந்துகொண்டிருந்தது. இதைக் குறித்துக்கொள்ளவும்.

அவள் இங்கிலீஷில் இருப்பதைப் பார்த்துத் தமிழில் கேட்பாள், நான் சொல்வேன், அவள் தட்டுவாள். பெயர், வயது, படிப்பு வரை சரியாகப் போனது. மாப்பிள்ளை எந்த மாவட்டத்தில் வேண்டும் என்று கேட்டாள். பெரம்பலூர், அரியலூர் இரண்டும் போடு என்றேன். "அரியலூர மாவட்டமா ஆக்கி மறுபடியும் நம்மளோட சேத்துட்டாங்களே மாமா" என்றாள். ஊரைப் போடும்மா, மாவட்டத்தை அவர்கள் முடிவு செய்த பிறகு போடலாம் என்றேன். வெளியில் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், கரண்டு எப்போது போகும் என்று தெரியாது, அவள் அவசரப்படுகிறாள். அப்போதுதான், "மாமா, வலின்னு கேக்குது. வலி என்னன்னு போட?" என்றாள்.

நிக்காஹ் மஜ்லிஸில் "பெண்ணுக்கு வலி யார்?" என்று ஹஜ்ரத் கேட்பதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பெண்ணுக்குப் பொறுப்பாக நின்று கையைப் பிடித்துக் கொடுக்கிற ஆள்தான் வலி, முதலில் தகப்பன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிஷம் வெற்றிச்செல்வி வாயிலிருந்து வந்தது எனக்கு அந்த வலியாகக் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் சம்பந்தம் பேசுவதென்றால் குடும்பத்தில் சீக்கு ஏதும் உண்டா என்று கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மறைக்காமல், "மூட்டுவலிம்மா. எட்டு வருஷமா" என்றேன். தட்டினாள். "வலிக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு கேக்குது மாமா" என்றாள். கம்ப்யூட்டர் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூடப் பொறந்தது மாதிரிதாம்மா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதையும் தட்டினாள்.

அப்படியாக, உங்கள் தங்கை மகள் அஸ்ரின், வயது இருபத்து மூன்று, மூட்டுவலி, எட்டு வருஷம், பிறவியிலிருந்தே என்று உலகம் முழுக்கப் போய்விட்டது. எட்டு வருஷம் எப்படிப் பிறவியிலிருந்து ஆகும் என்று கேட்க அதில் ஆள் இல்லை.

பத்து நாள் கழித்து அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். "ஓதிக் கொண்டாந்திருக்கேன், புள்ளைக்குக் காலையில வெறும் வயித்துல குடுங்க, முட்டியிலயும் தடவச் சொல்லுங்க" என்றார். ஹபீபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு முட்டியில ஹஜ்ரத்?" என்றாள். திருச்சியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பள்ளிவாசலுக்குப் போன் செய்து, பெண்ணுக்குப் பிறவியிலேயே மூட்டுவலியாமே, உட்கார்ந்து எழுந்து தொழுகிறதா, இல்லை சேரில் உட்கார்ந்துதானா என்று விசாரித்தார்களாம். அஸ்ரினைக் கூப்பிட்டார். அவள் மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடிவந்து சலாம் சொன்னாள். ஹஜ்ரத் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஹஜ்ரத் தலையில் கை வைத்துக்கொண்டு, "காதர் பாட்சா, அது வலி இல்ல, வலி!" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் இன்னொரு தடவை அழுத்திச் சொன்னார். அப்போதும் ஒன்றாகத்தான் கேட்டது.

ஹபீபா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "ஒங்க அத்தாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று என் முன்னாலேயே அஸ்ரினிடம் சொல்வாள். மூன்றாம் நாள்தான் நேராகச் சொன்னாள்: "இத்தினி வருஷம் கழிச்சு வந்து புள்ளைக்கு ஒரே ஒரு காரியம் செஞ்சீங்க. அதுல அது கால ஒடச்சிட்டீங்க." ஹஜ்ரத் சொல்லிவிட்டுப் போனதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு மணி நேரம் கடைக் கவுண்டரில் நின்று நின்று வந்த முட்டி இது, உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கு வலியாக நிற்க வேண்டிய வருஷங்களில் அங்கே நின்று சம்பாதித்த வலி. பாரத்தில் அந்த இடத்தில் என் பெயருக்குப் பதிலாக அது போய் உட்கார்ந்துகொண்டதில் தப்பு எங்கே என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உடனே திருத்தச் சொல்லி வெற்றிச்செல்விக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு நாள் கரண்டு இல்லை என்றாள். ஒரு நாள் லைன் கிடைக்கவில்லை என்றாள். ஒரு நாள் பாஸ்வேர்டு தவறு என்று வருகிறதாம். அஸ்ரினோ, "இருக்கட்டும் அத்தா, மெதுவா மாத்திக்கலாம்" என்றாள். இதற்கிடையில் பதில்கள் வேறு வர ஆரம்பித்தன. வெற்றிச்செல்வி அவற்றைப் பிரிண்டு எடுத்து, கடைசி டிரிப் பஸ்ஸில் வரும் அவள் அப்பாவிடம் கொடுத்தனுப்புவாள். அங்கமுத்து கண்டக்டர் பையிலிருந்து எடுத்து, "பாய், இன்னிக்கி ரெண்டு மாப்புள" என்று நீட்டுவார். அஸ்ரின்தான் படித்துத் தமிழில் சொல்வாள். சென்னையிலிருந்து ஒருவர் இது பிள்ளைகளுக்கும் வருமா என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டிருந்தார். துபாயிலிருந்து ஒருவர், அங்கே இதற்கு நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் கூட்டிப்போக நாலு வருஷம் ஆகும், அதுவரை பெண் பொறுத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார். நாலு வருஷம் என்றதும் அஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒன்பதாவதாக வந்தது அரியலூர்ப் பையன் ஒருவன் எழுதியது. பெயர் பிலால், வயது இருபத்தெட்டு. திருமழபாடியில் கால்நடை மருந்தகத்தில் கவர்மெண்ட் வேலை, மாட்டுக்கு ஊசி போடுகிற வேலை. தகப்பன் இல்லை. அவன் எழுதியதை அப்படியே சொல்கிறேன். "எங்கள் அம்மாவுக்கும் மூட்டுவலி உண்டு. அதனால் எங்கள் வீட்டில் படி இல்லை, அடுப்பு நின்று சமைக்கிற உயரத்தில் மேடையில் இருக்கிறது, தண்ணீரை நான்தான் பிடித்து வைப்பேன். உங்களுக்கு மழைக்காலத்தில் அதிகமாகிறதா, உட்கார்ந்து எழும்போது அதிகமாகிறதா என்று தெரிந்தால் சொல்லவும். மாடுகளுக்கு நான் தடவுகிற தைலம் ஒன்று நன்றாகக் கேட்கிறது, ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது, அம்மா கேட்டும் நான் கொடுப்பதில்லை." அவ்வளவுதான். பெண் சிவப்பா கறுப்பா, வீடு சொந்தமா என்று ஒரு வார்த்தை இல்லை. அஸ்ரின் அதைப் படித்துவிட்டு மடித்தாள். மற்ற எட்டையும் மேஜை மேலேயே விட்டுவிட்டு இதை மட்டும் பரீட்சைத் தாள் கட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, அக்கா ஷஹானா, மூன்றே பேர். நான் வாசலிலேயே பையன் கையைப் பிடித்துக்கொண்டு, மூட்டுவலி என்னுடையது, பெண்ணுடையது அல்ல என்று சொல்லிவிட்டேன். பையன் முகத்தில் சந்தோஷத்துக்குப் பதிலாகக் குழப்பம் வந்தது. "அப்ப ஒங்களுக்கு மழைக்காலத்துலயா, ஒக்காந்து எந்திரிக்கையிலயா?" என்று என்னைக் கேட்டான். அவன் அம்மாவும் நானும் எந்த எண்ணெய், எந்த டாக்டர், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நோகாது என்று அரைமணி நேரம் பேசினோம். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது.

ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஹபீபா அஸ்ரினைக் கேட்டாள். நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே அவள் அந்தப் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "தெனம் எத்தினி மணிக்கு வூட்டுக்கு வருவீங்க?" அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அஞ்சரைக்கு. எங்கயாவது மாடு கன்னு போடக் கஷ்டப்பட்டுச்சுன்னா லேட்டாவும், சொல்லி அனுப்பிடுவேன்" என்றான். அஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். ஹபீபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். "என்னடி?" என்றேன். "நான் யாரையும் இப்புடி ஒரு கேள்வி கேட்டதில்லீங்க" என்றாள். மச்சான், உங்கள் தங்கை இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஆகவே மச்சான், சுற்றி வளைத்து எழுத வந்தது இதுதான். அத்னானுக்கு அஸ்ரினைக் கொடுப்பதற்கில்லை. அவன் மேல் ஒரு குறையும் இல்லை. அஸ்ரின் தொட்டிலில் தூங்கிய வயசிலேயே பேசி வைத்தது நாம் இருவரும்தான், பிள்ளைகள் இல்லை. நாம் பேசியபோதும் லீவில்தான் இருந்தோம். நீங்கள் கை கொடுத்துத் தூக்கி விட்டவன், உங்களுக்கே மறுப்புச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றினால் என்னைத் திட்டுங்கள், ஹபீபாவை ஒன்றும் சொல்லாதீர்கள். என் முட்டாள்தனத்தால் ஒரு பாரம் தப்பாகப் போய், அந்தத் தப்பால் ஒரு பையன் வந்து சேர்ந்தான். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், என் கையில் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் தேடியதற்கும் சேர்த்து மொத்தமாக மன்னிக்கவும். அத்னானிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லவும். அவன் மனசு உடைந்துவிடக் கூடாது. நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வீட்டிலும் சம்மதம், ஷவ்வாலில் நிக்காஹ் வைக்கலாம் என்று இருக்கிறோம். நீங்கள் லீவு எடுத்து வராமல் நான் தேதி குறிக்க மாட்டேன். சென்னையில் மகள் வீட்டில் இருக்கும் உங்கள் வீட்டு அக்காவுக்கு எங்கள் சலாம். அத்னானுக்கு என் துஆவும் சலாமும். அல்லாஹ் உங்கள் எல்லோரையும் ஆரோக்கியமான முட்டிகளோடு நீண்ட காலம் வைத்திருப்பானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
காதர் பாட்சா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி அஸ்ரினிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தவள் பாதியிலேயே பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். விஷயம் என்னவென்றால், நான் பெரம்பலூரிலிருந்து திரும்பி வருவதற்குள்ளேயே வெற்றிச்செல்வி அவளுக்குப் போன் செய்து, "ஒங்க அத்தா ஒன் கணக்குல அவரு மூட்டுவலியப் போட்டுட்டாரு, மாத்திடவா?" என்று கேட்டிருக்கிறாள். இவள்தான் வேண்டாம் என்றிருக்கிறாள். "ஏம்மா?" என்றேன். "வலின்னு தெரிஞ்சும் எவன் வரான்னு பாக்கலாம்னுதான் அத்தா" என்றாள். கரண்டு, லைன், பாஸ்வேர்டு எல்லாம் இவள் சொல்லிக் கொடுத்ததாம். ஹஜ்ரத் பாட்டில் தண்ணீரோடு வந்து நின்றபோதுதான் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்ததாம். ஆகவே மேலே என் முட்டாள்தனத்தைப் பற்றி நான் எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டுப் படிக்கவும். என் முட்டாள்தனத்தைக்கூட என் மகள்தான் நடத்தியிருக்கிறாள்.

அத்னானைப் பற்றி நான் கவலைப்பட்டதையும் அடித்துவிடவும். இவள் போன வாரமே அவனோடு போனில் பேசிவிட்டாளாம். அவன் மனசெல்லாம் உடையவில்லையாம். அந்த வெப்சைட்டின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டானாம். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று அவனும் பயந்துகொண்டிருக்கிறானாம். ஆக, இந்தக் கடிதத்தில் இருக்கும் விஷயம் உங்களுக்கு மட்டும்தான் புதிது. திரும்ப எழுத நேரமில்லை, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது, இப்படியே அனுப்புகிறேன்.

இன்னும் ஒன்று. இன்று காலை அஸ்ரின் என்னைப் பெரம்பலூர் கூட்டிப்போய், வெற்றிச்செல்வி பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பாரத்தைத் திருத்த வைத்தாள். அதுதான் மாப்பிள்ளை முடிவாகிவிட்டதே, இனி எதற்கு என்றேன். "எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது சரியா இருக்கட்டும்" என்றாள். வலி என்ற இடத்தில் மூட்டுவலியை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டோம். உறவு என்ற இடத்தில் அத்தா என்று போடச் சொன்னாள். "அது இங்கிலீஷ் பாரம்மா, அத்தான்னா அதப் பாக்குறவங்க யாருக்கும் வெளங்காதே" என்றேன். "எனக்கு வெளங்குதுல்ல" என்றாள்.